நாலாவது முறை: ஹோமரின் காவியங்களில் அப்பாவும் மகனும்

ஒரு பெரிய கூடம். தரையில் வரிசையாக 12 கோடாலிகளை நட்டு வைத்திருக்கிறார்கள். வாசற்படியில் நின்றுகொண்டு ஓர் இளைஞன் பழைய வில் ஒன்றை வளைத்து நாண் ஏற்றப் பார்க்கிறான். மூன்று முறை முயன்று மூன்று முறையும் கை தளர்கிறது. நாலாவது முறை இழுக்கிறான். இந்த முறை ஏறியிருக்கும் என்று கதை சொல்பவரே சொல்கிறார். ஆனால் ஓரமாக இருந்த ஒரு பிச்சைக்காரன் தலையை மேலே தூக்கி 'வேண்டாம்' என்று சைகை காட்டுகிறான். (கிரேக்கர்கள் இன்றைக்கும் 'இல்லை' என்பதற்குத் தலையை மேலே தூக்கித்தான் காட்டுவார்கள்.) இளைஞன் உடனே நிறுத்திவிடுகிறான். "நான் என்றைக்கும் கையாலாகாதவன்தான் போல. இல்லாவிட்டால் எனக்கு இன்னும் வயசு போதவில்லை" என்று எல்லார் காதிலும் விழும்படி புலம்பிவிட்டு, வில்லைக் கதவோரம் சாய்த்து வைக்கிறான்.

இளைஞனின் பெயர் டெலிமாக்கஸ். பிச்சைக்காரன் மாறுவேடத்தில் வந்திருக்கும் அவனுடைய அப்பா ஒடிசியஸ். ஒடிஸி காவியத்தின் 21ஆம் பகுதியில் வரும் காட்சி இது. ஒரு பையன் எப்போது தலையெடுக்கிறான், தலையெடுத்த மகனும் அப்பாவும் ஒரே கூரையின் கீழ் எப்படி இருப்பது என்ற கேள்விகளுக்கு ஹோமர் தரும் பதிலில் பாதி இந்த நாலாவது முயற்சியிலேயே இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். அதைப் பிடிக்கக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

முதலில் அடிப்படை. ஹோமர் பெயரில் இரண்டு காவியங்கள் உண்டு: இலியட், ஒடிஸி. இரண்டும் பொதுவாகக் கி.மு. 8ஆம் நூற்றாண்டை ஒட்டி உருவானவை என்பார்கள். ஒவ்வொன்றும் 24 பகுதிகள். இலியட், டிராய் நகரத்தோடு கிரேக்கர்கள் நடத்திய பத்து வருடப் போரின் கடைசி வருடத்தில் சில வாரங்கள் மட்டும் நடக்கும் கதை. ஒடிஸி, அந்தப் போர் முடிந்த பிறகு ஒடிசியஸ் வீடு திரும்ப இன்னொரு பத்து வருடம் எடுத்துக்கொண்ட கதை. இந்த இருபது வருடக் கணக்கு முக்கியம். ஒடிசியஸ் கப்பல் ஏறியபோது டெலிமாக்கஸ் கைக்குழந்தை. கதை தொடங்கும்போது அவனுக்கு ஏறக்குறைய இருபது. அப்பாவின் முகம்கூடத் தெரியாது.

பெயர்களில் இருந்து தொடங்கலாம். இந்தக் காவியங்களில் ஒருவனை அவன் அப்பா பெயரால் கூப்பிடுவது சாதாரணம். இலியட்டின் முதல் வரியிலேயே கிரேக்கர்களின் மாவீரன் அக்கிலீஸ் 'பீலியஸின் மகன் அக்கிலீஸ்' என்றுதான் வருகிறான். அவர்களுடைய படைத்தலைவன் அகமெம்னன் 'அட்ரியஸின் மகன்', ஒடிசியஸ் 'லேயர்டீஸின் மகன்'. நம் பெயருக்கு முன்னால் நிற்கும் இனிஷியலைப் பெயருக்குப் பதிலாகவே வைத்துக் கூப்பிடுவது மாதிரி. மகன்களுக்கு வைத்த பெயர்களிலும் அப்பாக்களின் வேலைதான் தெரிகிறது. டெலிமாக்கஸ் என்றால் 'தொலைவில் போரிடுபவன்'. அந்தப் பையன் தொலைவில் எங்கும் போர் செய்ததில்லை, போனது அப்பாதான். டிராயின் வீரன் ஹெக்டரின் குழந்தையை ஊரார் அஸ்டியானக்ஸ், அதாவது 'நகரத்தின் தலைவன்' என்கிறார்கள். காரணத்தை ஹோமரே சொல்கிறார்: நகரத்தைக் காப்பது ஹெக்டர் ஒருவன்தான் என்பதால். ஆக, பிறந்த அன்றே மகன் மேல் அப்பாவின் கதை எழுதப்பட்டுவிடுகிறது. அதற்கு ஏற்றபடி அவன் வளர வேண்டும், அல்லது அதன் கீழ் நசுங்க வேண்டும்.

டெலிமாக்கஸின் நிலைமை இன்னும் மோசம். பெயர் இருக்கிறது, அந்தப் பெயருக்குரிய ஆள் இல்லை. ஒடிஸியின் முதல் பகுதியில் அதீனா என்ற தேவி, மென்டிஸ் என்ற அயலூர் மன்னன் வேடத்தில் வந்து, "நீ ஒடிசியஸின் மகன்தானே?" என்று கேட்கிறாள். அவன் பதில் இந்தக் காவியத்தில் எனக்கு மிகவும் பிடித்த பதில்களில் ஒன்று: "அவருடைய மகன் என்று அம்மா சொல்கிறாள். எனக்குத் தெரியாது. தன் பிறப்பைத் தானாகவே அறிந்தவன் யார் இருக்கிறான்?"

வீட்டு நிலவரமும் சரியில்லை. ஒடிசியஸ் செத்திருப்பான் என்று முடிவுகட்டி, அவன் மனைவி பெனலோபியை மணக்க 108 பேர் வந்து கூடத்தில் டேரா போட்டிருக்கிறார்கள். தினமும் அவன் வீட்டு ஆடு, மாடு, பன்றிகளை அறுத்து விருந்து நடக்கிறது. அவர்களில் பலர் டெலிமாக்கஸை விடச் சில வயதே மூத்தவர்கள். இவன் ஓரமாக உட்கார்ந்து, அப்பா திடீரென்று வந்து இவர்களை விரட்டுவதாகப் பகல் கனவு காண்கிறான். அதீனா அவனைப் பிடித்து உலுக்குகிறாள். சின்னப்பிள்ளைத்தனத்தைப் பிடித்துத் தொங்கும் வயசு உனக்குத் தாண்டிவிட்டது, கப்பல் ஏறிப் போய் அப்பாவைப் பற்றி விசாரி என்கிறாள்.

இதற்குப் பின்னால் ஒரு கெடு இருப்பது காவியத்தில் வெகு தூரம் தள்ளித்தான், 18ஆம் பகுதியில், வெளியே வருகிறது. போருக்குக் கிளம்பும்போது ஒடிசியஸ் பெனலோபியின் கையைப் பிடித்து ஒன்று சொல்லியிருக்கிறான்: நான் திரும்பாவிட்டால், மகனுக்குத் தாடி முளைத்ததைப் பார்த்த பிறகு, உனக்குப் பிடித்தவனை மணந்துகொண்டு இந்த வீட்டை விட்டுப் போ. இப்போது தாடி முளைத்துவிட்டது. மகன் பெரியவன் ஆனால் தாய் வீட்டை விட்டுப் போக வேண்டும், வேறு ஒருவனைக் கட்டிக்கொள்ள வேண்டும். ஒரு பையனின் தாடையில் முளைத்த நாலு மயிர் மொத்தக் கதையையும் முடுக்கிவிடுகிறது.

டெலிமாக்கஸின் முதல் அடி அவ்வளவு அழகானதாக இல்லை. பாடகன் ஒருவன் டிராயில் இருந்து திரும்பியவர்களின் துன்பத்தைப் பாட, பெனலோபி கண்ணீரோடு வந்து வேறு பாட்டுப் பாடச் சொல்கிறாள். மகன் குறுக்கிடுகிறான்: உள்ளே போய்த் தறி வேலையைப் பாருங்கள், பேச்சு ஆண்களின் காரியம், இந்த வீட்டில் அதிகாரம் என்னுடையது. அம்மா திகைத்துப்போய் மாடிக்குப் போய்விடுகிறாள். நேற்றுவரை வாயே திறக்காத பையன் பெரியவனாகிவிட்டதைக் காட்ட முதலில் அதட்டிப் பார்ப்பது அம்மாவைத்தான். இது எல்லா ஊரிலும் நடப்பதுதான், ஆனாலும் எரிச்சலாக இருக்கிறது. ஹோமர் பதிலுக்கு எதுவும் சொல்லாமல், மறுநாளே அவனை ஊர்ச்சபையில் நிறுத்துகிறார்.

ஒடிசியஸ் போன பிறகு அவன் ஊரான இதாகாவில் சபை கூடுவது இதுவே முதல் தடவை. டெலிமாக்கஸ் அப்பாவின் இருக்கையில் போய் உட்காருகிறான். பெரியவர்கள் விலகி இடம் கொடுக்கிறார்கள். எழுந்து நன்றாகத்தான் பேசத் தொடங்குகிறான். கோபம் முற்றி, பேச்சு தடுமாறி, கையில் இருந்த செங்கோலைத் தரையில் வீசிவிட்டுத் தேம்பி அழுகிறான். பேச்சு ஆண்களின் காரியம் என்றவனின் முதல் மேடைப்பேச்சு இப்படி முடிகிறது. அப்பாவின் நாற்காலி இருக்கிறது, அதில் உட்காரவும் யாரும் தடுக்கவில்லை. அந்த இடத்தில் இருந்து எப்படிப் பேசுவது என்று சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இல்லை.

அதற்குத்தான் பயணம். ஒடிஸியின் முதல் நாலு பகுதிகளை 'டெலிமாக்கி', டெலிமாக்கஸின் கதை என்று தனியாகவே குறிப்பிடுவார்கள். அதீனா இம்முறை மென்டர் என்ற குடும்ப நண்பரின் வேடத்தில் கூட வருகிறாள். இன்று அலுவலகங்களில் 'மென்டர்' என்கிறார்களே, அந்தச் சொல்லின் மூலம் இவர்தான். ஆனால் காவியத்தில் நிஜ மென்டர் பெரிதாக எதையும் சாதிப்பதில்லை. வேலை முழுக்க அவர் உருவத்தில் வரும் தேவியுடையது. 1699இல் வந்த ஒரு பிரெஞ்சு நாவல் மென்டரை டெலிமாக்கஸின் பெரிய ஆசானாக ஆக்கிய பிறகுதான் அந்தப் பெயர் பொதுச்சொல்லாகப் பரவியது.

முதல் நிறுத்தம் பைலோஸ். கடற்கரையில் முதிய அரசர் நெஸ்டர் கடல் தெய்வம் பொசைடனுக்கு 81 காளைகளைப் பலியிட்டுக்கொண்டிருக்கிறார். இறங்கியதுமே டெலிமாக்கஸுக்குக் கூச்சம். ஒரு பெரியவரிடம் எப்படிப் போய்ப் பேசுவது, எனக்குப் பேசிப் பழக்கமில்லையே என்கிறான். கொஞ்சம் உனக்கே தோன்றும், மீதியைத் தெய்வம் சொல்லித்தரும் என்கிறாள் அதீனா.

பைலோஸில் அவன் கேட்டதை விடப் பார்த்ததுதான் முக்கியம் என்பது என் எண்ணம். நெஸ்டரைச் சுற்றி மகன்கள் இருக்கிறார்கள். காலையில் அவர் வாசலில் உள்ள வழுவழுப்பான வெள்ளைக் கல்லில் வந்து உட்காருகிறார். அது முன்பு அவருடைய அப்பா நீலியஸ் உட்கார்ந்த கல். ஆறு மகன்கள் கூடுகிறார்கள், பலியில் ஆளுக்கொரு வேலை, யாரும் யாரையும் இடிப்பதில்லை. அப்பா இருக்கும் வீடு எப்படி நடக்கும் என்று டெலிமாக்கஸ் முதன்முதலாகப் பார்க்கிறான். அதே வீட்டில் ஒரு குறையும் இருக்கிறது. நெஸ்டரின் இன்னொரு மகன் ஆன்டிலோக்கஸ் டிராயிலேயே மடிந்துவிட்டான். ஒரு வீட்டில் அப்பா வரவில்லை, மற்றொன்றில் மகன் வரவில்லை.

அடுத்து ஸ்பார்ட்டா. அரசன் மெனலாவுஸ், வந்திருப்பவன் யார் என்று தெரியாமலே ஒடிசியஸைப் பற்றி உருகிப் பேசுகிறான். டெலிமாக்கஸ் ஊதா நிற மேலாடையை இரண்டு கையாலும் தூக்கிக் கண்ணை மறைத்துக்கொள்கிறான். ராணி ஹெலன் பார்த்த மாத்திரத்தில் இவன் ஒடிசியஸின் மகன்தான் என்கிறாள். ஆமாம், அதே கால், அதே கை, அதே பார்வை, அதே தலைமுடி என்கிறான் மெனலாவுஸ். நான் யார் மகன் என்று எனக்கே தெரியாது என்றவனுக்கு, அவன் உடம்பில் அப்பா எங்கெங்கே இருக்கிறார் என்று அந்நியர்கள் தொட்டுக் காட்டுகிறார்கள்.

விடைபெறும் முன் மெனலாவுஸ் மூன்று குதிரைகளும் ஒரு தேரும் தருகிறேன் என்கிறான். டெலிமாக்கஸ் பணிவாக மறுக்கிறான். இதாகாவில் ஓட இடமில்லை, புல்வெளி இல்லை, அது ஆடு மேயும் ஊர், ஆனாலும் எனக்கு அதுதான் பிடிக்கும் என்கிறான். மெனலாவுஸ் சிரித்து, நல்ல ரத்தம் என்று மெச்சி, பரிசை மாற்றித் தங்க விளிம்பு வைத்த வெள்ளிக் கலம் ஒன்றைத் தருகிறான். செங்கோலை வீசியவன் இப்போது ஓர் அரசனிடம் மனம் கோணாமல் 'வேண்டாம்' சொல்லக் கற்றுவிட்டான். அப்பாவைப் பற்றிக் கிடைத்த செய்தி ஒன்றே ஒன்று: எங்கோ ஒரு தீவில் உயிரோடு இருக்கிறார்.

இங்கே நிறுத்திவிட்டு இலியட்டை ஒரு நடை பார்த்துவிட வேண்டும். ஒடிஸியில் மகன் அப்பாவைத் தேடுகிறான். இலியட்டிலோ எங்கே திரும்பினாலும் மகனைப் பறிகொடுக்கும் அப்பாக்கள். தேவர்களின் அரசன் ஜீயஸே தன் மகன் சார்ப்பிடன் சாகப்போவதைத் தடுக்காமல், பூமியின் மேல் ரத்தத் துளிகளை மழையாகப் பொழிகிறான்.

ஆறாம் பகுதியில் ஹெக்டர் போருக்குத் திரும்பும் முன் குழந்தையைத் தூக்கக் கை நீட்டுகிறான். தலைக்கவசத்தின் மேல் ஆடும் குதிரைமயிரைப் பார்த்துக் குழந்தை அலறித் தாதியின் மார்பில் ஒட்டிக்கொள்கிறது. அப்பாவும் அம்மாவும் சிரித்துவிடுகிறார்கள். ஹெக்டர் கவசத்தைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டுக் குழந்தையை முத்தமிட்டு வேண்டிக்கொள்கிறான்: இவன் போரில் இருந்து திரும்பும்போது, 'அப்பனை விட எவ்வளவோ மேல்' என்று யாராவது சொல்லட்டும். அந்த உலகத்தில் ஓர் அப்பா கேட்கக்கூடிய பெரிய வரம் அதுதான். அது பலிக்கப்போவதில்லை என்பது அன்று ஹோமரின் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்த எல்லாருக்கும் தெரியும். டிராய் விழுந்ததும் குழந்தையைக் கோட்டைச் சுவரில் இருந்து வீசிக் கொன்றார்கள் என்பது கிரேக்க மரபு. குழந்தையை அரவணைக்க வந்த அப்பாவைப் போர்வீரனின் உடுப்பு பூச்சாண்டி ஆக்கிவிடுகிறது. அவன் வளர்ந்தால் அணிய வேண்டியதும் அதே உடுப்பைத்தான்.

உடுப்பு என்றதும் இன்னொன்று. அக்கிலீஸின் கவசம் அவன் அப்பா பீலியஸுக்குத் தேவர்கள் கொடுத்தது. கிழவர் ஆனதும் மகனிடம் கொடுத்துவிட்டார். ஹோமர் அந்த இடத்தில் ஒரு வரி சேர்க்கிறார்: ஆனால் மகன் அப்பாவின் கவசத்துக்குள் கிழவன் ஆகவில்லை. டெலிமாக்கஸுக்கு அப்பாவின் இடத்தில் உட்காரத் தெரியவில்லை என்பது பிரச்சினை. அக்கிலீஸுக்கு அதில் உட்கார நாளே கிடைக்கவில்லை. கிளம்பும்போது பீலியஸ் சொல்லி அனுப்பியது 'எப்போதும் முதல்வனாக இரு, மற்றவர்களை மிஞ்சு' என்பது. கூடவே ஃபீனிக்ஸ் என்ற பெரியவரையும் அனுப்பினார். பேசத் தெரிந்தவனாகவும் செயலில் வல்லவனாகவும் பையனை ஆக்குவது அவர் பொறுப்பு. சின்ன வயதில் மடியில் உட்கார வைத்து ஊட்டியபோது நீ என் சட்டையெல்லாம் மதுவைத் துப்பி நனைத்திருக்கிறாய் என்று ஒன்பதாம் பகுதியில் அந்த முதியவர் மாவீரனிடம் நினைவூட்டுவார்.

இலியட் முடிவது ஓர் அப்பாவோடுதான். அக்கிலீஸ் ஹெக்டரைக் கொன்று உடலைத் தர மறுக்கிறான். ஹெக்டரின் அப்பா பிரியம் இரவில் எதிரியின் பாசறைக்குள் வந்து, தன் பிள்ளைகள் பலரைக் கொன்ற அந்தக் கைகளை முத்தமிட்டு, "உன் அப்பாவை நினைத்துப் பார். அவருக்கும் என் வயசுதான்" என்கிறார். அக்கிலீஸ் கிழவரின் கையைப் பிடித்து மெல்ல விலக்குகிறான். இரண்டு பேரும் அழுகிறார்கள், ஒருவர் மகனுக்காக, மற்றவன் இனி பார்க்கப்போகாத அப்பாவுக்காகவும் செத்த நண்பன் பட்ரோக்ளஸுக்காகவும். உடலைத் திருப்பித் தருகிறான். முதல்வனாக இரு என்று அப்பா சொன்னதை அதுவரை அவன் அட்சரம் பிசகாமல் செய்துகொண்டிருந்தான். அந்த அப்பாவையே ஒரு தனிமையான கிழவராக நினைத்துப் பார்த்ததும்தான் அவன் வளர்ந்ததாக எனக்குப் படுகிறது.

சரி, இதாகாவுக்குத் திரும்பலாம். 16ஆம் பகுதி. பன்றி மேய்க்கும் யூமேயஸின் குடிசை. பிச்சைக்காரன் வேடத்தில் ஒடிசியஸ் அங்கே இருக்கிறான். பயணம் முடிந்து டெலிமாக்கஸ் வாசலில் வந்து நிற்கிறான். யூமேயஸ் ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டு முத்தமிடுகிறான். பத்து வருடம் கழித்து வெளிநாட்டில் இருந்து வந்த ஒரே மகனை அப்பா கட்டிக்கொள்வது போல என்று ஹோமர் உவமை சொல்கிறார். கொடுமை என்னவென்றால் நிஜ அப்பா பக்கத்திலேயே, கையைக் கட்டிக்கொண்டு அதைப் பார்க்கிறான். மகன் உள்ளே வந்ததும் ஒடிசியஸ் எழுந்து தன் இடத்தைக் கொடுக்கிறான். "உட்காருங்கள், எனக்கு வேறு இடம் கிடைக்கும்" என்கிறான் டெலிமாக்கஸ். அப்பாவின் நாற்காலியில் ஏறி உட்கார்ந்த பையன், யாரென்றே தெரியாமல் அப்பாவுக்கு இருக்கையைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறான்.

அப்புறம் அதீனா ஒடிசியஸின் வேடத்தைக் கலைக்கிறாள். டெலிமாக்கஸ் ஏதோ தெய்வம் என்று நடுங்குகிறான். "நான் தெய்வம் இல்லை. நான் உன் அப்பா" என்கிறான் ஒடிசியஸ். மகன் நம்ப மறுக்கிறான். இருபது வருடமாக மனதில் செய்து வைத்த அப்பா வேறு ஆள். "வேறு எந்த ஒடிசியஸும் உனக்கு வரப்போவதில்லை" என்று பதில் வருகிறது. இதைவிட நேர்மையாக ஓர் அப்பா தன்னை அறிமுகம் செய்துகொள்ள முடியாது. குஞ்சுகளைப் பறிகொடுத்த கழுகுகளை விடச் சத்தமாக இருவரும் கதறுகிறார்கள். கூடியதற்கான அழுகையில் இழந்தவர்களின் உவமை. அந்த இருபது வருடம் யாருக்கும் திரும்பி வராது.

இப்போது வில்லுக்கு வருவோம். அது ஒடிசியஸின் வில். அதில் நாண் ஏற்றி 12 கோடாலிகளின் ஊடாக அம்பு விடுபவனை மணப்பேன் என்று பெனலோபி போட்டி வைத்திருக்கிறாள். நாலாவது முறை நாண் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? டெலிமாக்கஸ் அப்பாவுக்குச் சமம் என்று ஊரே ஒப்புக்கொண்டிருக்கும். மாறுவேடத்திலேயே அந்த வில்லைக் கையில் வாங்கி, பெனலோபியை மணக்க வந்தவர்களைத் தீர்த்துக்கட்ட அப்பா போட்ட திட்டம் அதோடு நாசம். பலம் வந்துவிட்டது, அதைக் காட்டாமல் இருக்கும் அடக்கமும் வந்துவிட்டது என்பதை ஹோமர் ஒரே அசைவில் சொல்லிவிடுகிறார். அந்த அடக்கம் பொய்யும்கூட. நான் சின்னப் பையன் என்று கூசாமல் நடிக்கிறான். பொய்யில் மன்னனான ஒடிசியஸின் மகன் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா?

ஒடிசியஸ் வில்லை எடுத்து அவர்களோடு சண்டை தொடங்கியதும் டெலிமாக்கஸ் ஒரு தப்புச் செய்கிறான். ஆயுத அறையின் கதவைச் சாத்தாமல் வந்துவிடுகிறான். எதிரிகளுக்கு ஈட்டிகள் கிடைத்துவிடுகின்றன. யார் செய்த வேலை என்று ஒடிசியஸ் யோசிக்கும்போது, "அப்பா, தப்பு என்னுடையதுதான், வேறு யாரும் காரணமில்லை" என்கிறான். இரண்டே வரி. சபையில் அழுதவனுக்கும் இவனுக்கும் உள்ள தூரம் அதில் தெரிகிறது.

ஆனால் ஹோமர் அவனை உத்தமனாக்கி விட்டுவிடவில்லை. எதிரிகளோடு உறவு வைத்திருந்த 12 அடிமைப் பெண்களை வாளால் கொல்லச் சொல்கிறான் ஒடிசியஸ். அப்படிச் சுத்தமான சாவு இவர்களுக்குக் கூடாது என்று டெலிமாக்கஸ் தானாகவே முடிவெடுத்து ஒரே கயிற்றில் வரிசையாகத் தூக்கில் போடுகிறான். வலையில் சிக்கிய பறவைகள் போல அவர்களுடைய கால்கள் கொஞ்ச நேரம் துடித்தன, ரொம்ப நேரமில்லை என்று எழுதுகிறார் ஹோமர். அப்பாவின் சொல்லை மீறி அவன் தானாக எடுத்த பெரிய முடிவு இது. படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைக்க வேண்டியிருக்கும்.

கடைசிப் பகுதியில் ஒடிசியஸ் தன் அப்பாவைப் பார்க்கப் போகிறான். லேயர்டீஸ் நகரத்தை விட்டு ஒதுங்கி, ஒட்டுப்போட்ட உடையும் ஆட்டுத்தோல் தொப்பியுமாகத் தோட்டத்தில் மண்ணைக் கொத்திக்கொண்டிருக்கிறார். மகன்தான் என்று நம்ப அடையாளம் கேட்கிறார். ஒடிசியஸ் முதலில் காலில் உள்ள தழும்பைக் காட்டுகிறான். அது அவனே தலையெடுத்த வயதில், தாய்வழித் தாத்தா ஊரில் மாமன்களோடு வேட்டைக்குப் போனபோது காட்டுப்பன்றி கிழித்தது. பிறகு மரங்களைச் சொல்கிறான். சின்னப் பையனாக இந்தத் தோட்டத்தில் உங்கள் பின்னாலேயே ஓடி ஒவ்வொரு மரமாகக் கேட்டேன், நீங்கள் பெயர் சொல்லிக் கொடுத்தீர்கள்: 13 பேரிக்காய் மரம், 10 ஆப்பிள், 40 அத்தி, தருவதாகச் சொன்ன 50 வரிசைத் திராட்சை. கிழவருக்கு முழங்கால் நழுவி மகன் மேல் சாய்ந்துவிடுகிறார். டெலிமாக்கஸுக்கு இப்படி எண்ணிச் சொல்ல அப்பாவோடு ஒரு மரம்கூட இல்லை.

செத்தவர்களின் உறவினர்கள் ஆயுதத்தோடு வருகிறார்கள். தாத்தா, அப்பா, பேரன் மூவரும் வரிசையாக நிற்கிறார்கள். பரம்பரைக்குப் பழி சேர்த்துவிடாதே என்கிறான் ஒடிசியஸ். பார்த்துக்கொள்ளுங்கள் அப்பா என்கிறான் டெலிமாக்கஸ். என்ன நாள் இது, வீரத்தில் என் மகனும் பேரனும் போட்டி போடுகிறார்கள் என்று லேயர்டீஸ் பூரித்துப்போகிறார். அதீனா அவருக்குப் பலம் தருகிறாள். முதல் ஈட்டியைக் கிழவரே எறிகிறார். அது யூப்பெய்தீஸின் தலைக்கவசத்தைத் துளைத்து அவரைச் சாய்க்கிறது. ஒடிசியஸின் அம்பில் முதலில் விழுந்த ஆன்டினோஸ் அவருடைய மகன். அவனுக்காக அழுதபடிதான் அவர் அன்று ஊராரைத் திரட்டியிருந்தார்.